ஆராய்ச்சி மேசையிலிருந்து பயோடெக் தலைமைக்குப் போவது எப்படி?

உயிரியலில் பிஎச்டி, அதற்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பயிற்சியான போஸ்ட்டாக் எல்லாம் முடித்துவிட்டு கம்பெனிப் பக்கம் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எம்பிஏ படிக்க வேண்டுமா என்றுதான். அவசியமில்லை. ஆர்தர் லெவின்சன் 1980இல் ஜெனென்டெக் என்ற அமெரிக்க பயோடெக் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்து 1995இல் அதன் சிஇஓ ஆனார், அவர் முனைவர் பட்டம் வாங்கியது உயிர்வேதியியலில்.

உண்மையில் மாற வேண்டியது நாம் கேட்கும் கேள்வி. எலியின் கட்டி சுருங்கிவிட்டது என்றால் ஆய்வகத்தில் அது ஒரு நல்ல கட்டுரை. கம்பெனியிலோ அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம்: எந்த அளவு மருந்தில் சுருங்கியது, அதைப்போல எத்தனை மடங்கு கொடுத்தால் கல்லீரல் கெடுகிறது, இதே மூலக்கூறை ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் பெரிய அளவில் தயாரிக்க முடியுமா, ஏற்கெனவே இருக்கும் சிகிச்சையைவிட நோயாளிக்கு இதனால் என்ன லாபம்?

இதற்கு இப்போதே பழகலாம். நீங்கள் செய்துகொண்டிருக்கும் ஆராய்ச்சியையே எடுத்து, யாருக்கான மருந்து, எதைவிட மேல், அடுத்த ஆறு மாதத்தில் என்ன முடிவு வந்தால் இதைக் கைவிடுவோம் என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தக் கடைசி வரிதான் எழுதவே வராது, ஆனால் அதுதான் முக்கியம், ஏனென்றால் மனிதர்களிடம் சோதனைக்குப் போகும் மருந்துகளில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்றுதான் ஒப்புதல் வரை போய்ச் சேருகிறது. அப்புறம், கட்டுரை வெளியிடும் முன் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது.

முதல் வேலையைத் தேர்வு செய்யும்போது பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள். சீக்கிரம் மனிதச் சோதனைக்குப் போகவிருக்கும் மருந்து உள்ள குழுவாகப் பாருங்கள், நச்சியல், உற்பத்தி, ஒழுங்குமுறை ஆட்கள் எல்லோரும் ஒரே மேசையில் சண்டை போடுவதை அங்கேதான் நேரில் பார்க்கலாம். மனிதச் சோதனையைத் தொடங்க அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவுக்கு அனுப்பும் ஐஎன்டி என்ற விண்ணப்ப ஆவணத்தில் ஒரு பகுதியையாவது எழுதுகிறேன் என்று கேட்டு வாங்குங்கள். அனுப்பிய 30 நாளுக்குள் அவர்கள் கேட்கும் கேள்விகளைப் படித்தாலே எந்தத் தரவு போதவில்லை என்று புரிந்துவிடும்.

பைப்பெட்டைக் கீழே வைப்பதுதான், அதாவது சோதனைகளைத் தன் கையால் செய்வதை விடுவதுதான், பலருக்கும் கஷ்டம். ஜூனியர் செய்யும் சோதனையை நீங்களே இன்னும் நன்றாகச் செய்வீர்கள், சரி, ஆனாலும் கை வைக்காதீர்கள். மோசமான முடிவு வந்த அன்றே அவர் உங்களிடம் வந்து சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள்.

சிஇஓ நாற்காலியில் பெரும்பகுதி நேரம் முதலீடு திரட்டுவதிலேயே போகும். அது பிடிக்காதென்றால் அறிவியல் தலைமையே போதும், அதுவும் முழுத் தலைமைதான்: ரீஜெனெரான் என்ற அமெரிக்க பயோடெக் நிறுவனத்தில் லென் ஷ்லைஃபர் நிறுவனத்தை நடத்த, ஜார்ஜ் யான்கோபுலோஸ் பல ஆண்டுகளாக அறிவியலை வழிநடத்தி வந்திருக்கிறார். எந்தப் பதவியானாலும் ஒப்புக்கொள்ளும் முன், ஒரு திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, கையிலுள்ள பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் அந்த வேலை வேண்டாம்.