பிரீமியர் லீக் ஆட்டங்களைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில், 2022 ஆகஸ்டில் தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் போர்ன்மவுத்தை 9-0 என்று லிவர்பூல் அடித்துத் துவைத்தது. அதே சீசனில், 2023 மார்ச் 5 அன்று, மான்செஸ்டர் யுனைடெட்டை 7-0 என்று வென்றது. அதற்கு ஆறே நாள் கழித்து மறுபடியும் போர்ன்மவுத்துடன் ஆட்டம், இந்த முறை அவர்கள் ஊரில். போர்ன்மவுத் அப்போது லீக்கிலிருந்து வெளியேறிக் கீழ்நிலை லீக்குக்கு இறங்கும் அபாயத்தில் இருந்த அணி. கணிப்புப் போட்டி விளையாடும் யாரைக் கேட்டிருந்தாலும் லிவர்பூல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். முடிவு: போர்ன்மவுத் 1, லிவர்பூல் 0. இரண்டாம் பாதியில் லிவர்பூலுக்குப் பெனால்டி கிடைத்தது. சலா அதை வெளியே அடித்தார்.

'அன்று லிவர்பூலுக்கு நேரம் சரியில்லை' என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. இந்த மாதிரி முடிவு ஒவ்வொரு சீசனிலும் வரும். ஏன் வருகிறது என்று புரியாவிட்டால் மற்ற தவறுகளையும் திருத்த முடியாது.

காரணம் இந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒரு டி20 ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து முந்நூறு ரன்னுக்கு மேல் எடுக்கும். ஒரு பந்து தப்பினால் அடுத்த பந்தில் சரிசெய்து கொள்ளலாம். கால்பந்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு மூன்று கோல் வந்தாலே அதிகம். 2023-24 சீசனில் 380 ஆட்டங்களில் 1,246 கோல்கள் விழுந்தன, அதாவது ஓர் ஆட்டத்துக்கு 3.28. இருபது அணி லீக்காக மாறிய பிறகு அதுதான் உச்சம். இவ்வளவு குறைவான கோல்களில், கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்தோ தவறவிட்ட ஒரு பெனால்டியோ முழு முடிவையும் மாற்றிவிடும். நல்ல அணி நன்றாக ஆடியும் தோற்கும். அதனால் 'யார் ஜெயிப்பார்கள்' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'ஜெயிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு' என்று கேட்டுப் பழகுவது முதல் வேலை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சொந்த மைதானத்தில் ஆடும் அணி சராசரியாக 1.6 கோல் அடிக்கும், எதிரணி 1.1 கோல் அடிக்கும் என்று மதிப்பிடுகிறீர்கள். பாய்ஸான் பகிர்வு என்ற எளிய சூத்திரத்தில் இந்த இரண்டு எண்களையும் போட்டால் சொந்த மைதான அணி வெல்ல சுமார் 49 சதவீதம், டிராவுக்கு 25, எதிரணி வெல்ல 26 என்று வரும். சரி, எந்த ஸ்கோர் வர அதிக வாய்ப்பு? 1-1. அதற்கு சுமார் 12 சதவீதம். அடுத்தது 1-0, அதற்குப் பிறகு 2-1. அதிக வாய்ப்புள்ள முடிவு சொந்த மைதான அணியின் வெற்றி, ஆனால் அதிக வாய்ப்புள்ள தனி ஸ்கோர் ஒரு டிரா. இது முரண்பாடு இல்லை. வெற்றிக்கான 49 சதவீதம் 1-0, 2-0, 2-1, 3-1 என்று பல ஸ்கோர்களில் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். சரியான ஸ்கோருக்குத் தனிப் புள்ளி தரும் போட்டிகளில் ஆடுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. பிடித்த அணிக்கு 3-0, 4-1 என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஸ்கோர்கள் எப்போதாவதுதான் வரும்.

டிராவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரீமியர் லீக்கில் ஏறக்குறைய நான்கில் ஒரு ஆட்டம் டிராவில் முடியும். வாரத்துக்குப் பத்து ஆட்டம் என்றால் இரண்டு மூன்று டிரா வரத்தான் செய்யும். ஆனால் அது எந்த ஆட்டம் என்று முன்கூட்டியே காட்டுவது மிகக் கடினம். தனித்தனியாகப் பார்த்தால் டிரா முதலிடத்துக்கு வரும் ஆட்டம் அரிது. 'இந்த வாரம் மூன்று டிரா வரும்' என்று சொல்லிவிட்டு மூன்று ஆட்டங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதால் லாபம் இல்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் டிராவுக்கு உரிய பங்கை ஒதுக்கி வையுங்கள், போதும்.

அடுத்தது, கடைசி ஐந்து ஆட்டங்களை வைத்து முடிவெடுப்பது. எனக்குத் தெரிந்து இதைவிட அதிகமாக ஆட்களை ஏமாற்றும் பழக்கம் வேறு இல்லை. புள்ளிப் பட்டியலுக்குப் பக்கத்தில் பச்சையும் சிவப்புமாக ஐந்து வட்டங்கள் இருக்குமே, அதைத்தான் சொல்கிறேன்.

2025-26 சீசனில் லிவர்பூல் முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்றது. ஐந்தும் பச்சை. எப்படி வென்றது என்று பார்த்தவர்களுக்கு வேறு படம் தெரிந்திருக்கும். போர்ன்மவுத்துடன் 2-2 என்று இருந்த ஆட்டத்தில் 88ஆவது நிமிடத்தில்தான் கியேசா கோல் அடித்தார். நியூகாசில் ஆட்டத்தில் பத்துப் பேருடன் ஆடிய எதிரணி 2-2 என்று சமன் செய்துவிட்டது. 100ஆவது நிமிடத்தில் 16 வயதுப் பையன் ரியோ இங்குமோகா அடித்த கோலில் தப்பித்தார்கள். ஆர்சனலுக்கு எதிராக 83ஆவது நிமிடத்தில் சோபோஸ்லாயின் ஃப்ரீ கிக். பர்ன்லிக்கு எதிராக 95ஆவது நிமிடத்தில் பெனால்டி. ஐந்தில் நான்கு வெற்றி கடைசிப் பத்து நிமிடத்தில் வந்தவை. கடைசி நேரத்தில் அடிக்கும் மன உறுதியை அப்போது எல்லோரும் புகழ்ந்தார்கள். அப்புறம் என்ன ஆனது? கிரிஸ்டல் பேலஸ் 97ஆவது நிமிடத்தில் அடித்து 2-1 என்று வென்றது. செல்சி 95ஆவது நிமிடத்தில் அடித்து 2-1. மான்செஸ்டர் யுனைடெட் ஆன்ஃபீல்டிலேயே 84ஆவது நிமிடத்தில் அடித்து 2-1. பிறகு பிரென்ட்ஃபோர்ட் 3-2. லீக்கில் தொடர்ச்சியாக நான்கு தோல்வி. முதல் ஐந்து ஆட்டங்களிலும் அணி மயிரிழையில்தான் வென்றுகொண்டிருந்தது. வட்டத்தின் நிறம் மாறிய அளவுக்கு ஆட்டம் மாறவில்லை.

வட்டங்களைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வட்டத்துக்கும் பின்னால் யாருடன், எங்கே, எந்த நிமிடத்தில், எத்தனை பேருடன் ஆடினார்கள் என்று பாருங்கள். 2019 அக்டோபரில் சவுதாம்ப்டன் லெஸ்டரிடம் சொந்த மண்ணில் 9-0 என்று தோற்றபோது 12ஆவது நிமிடத்திலேயே ஒரு வீரர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிருந்தார். மிச்ச நேரம் முழுக்கப் பத்துப் பேர். ஸ்கோரை மட்டும் மனதில் வைத்திருந்தவர்கள் அடுத்த ஜனவரியில் லெஸ்டர் மைதானத்தில் சவுதாம்ப்டன் 2-1 என்று வென்றதைக் கண்டு திகைத்துப் போனார்கள்.

இதற்கு உதவத்தான் எக்ஸ்ஜி (எதிர்பார்க்கப்படும் கோல்) என்ற கணக்கு வந்தது. ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று அடித்த இடம், கோணம் முதலியவற்றை வைத்து ஓர் எண் கொடுப்பார்கள். பெனால்டிக்குச் சுமார் 0.78. தொலைவிலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு 0.03, 0.04 அளவில்தான் இருக்கும். 2020-21 சீசனில் கிரஹாம் பாட்டர் நடத்திய பிரைட்டன் 41 புள்ளிகளுடன் 16ஆவது இடத்தில் முடித்தது. எக்ஸ்ஜி கணக்கில் அதைவிட எவ்வளவோ நல்ல அணி அது. 2021 பிப்ரவரியில் பேலஸுக்கு எதிராக இருபதுக்கும் மேற்பட்ட ஷாட் அடித்தும் பிரைட்டனுக்கு ஒரே கோல். விரல் விட்டு எண்ணும் அளவே ஷாட் அடித்த பேலஸ், கடைசி நிமிடத்தில் பென்டெகே அடித்த வாலியில் 2-1 என்று வென்றது. அந்தப் பட்டியல் இடத்தை நம்பியவர்கள் அடுத்த சீசனில் பிரைட்டனைக் குறைத்து மதிப்பிட்டார்கள். அணி 51 புள்ளியுடன் 9ஆவது இடத்துக்கு ஏறியது.

ஆனால் எக்ஸ்ஜியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே ஆட்டத்தின் எக்ஸ்ஜியை எடுத்துக்கொண்டு 'உண்மையில் இவர்கள்தான் ஜெயித்திருக்க வேண்டும்' என்று பேசுவது சரியல்ல. இரண்டு கோல் முன்னணியில் இருக்கும் அணி பின்வாங்கித் தற்காத்து ஆடும், எதிரணிக்கு ஷாட்டுகள் குவியும். பத்துப் பன்னிரண்டு ஆட்டம் சேர்ந்த பிறகுதான் அந்த எண் பேசத் தொடங்கும்.

நேருக்கு நேர் மோதிய வரலாறு எனக்குப் பிடித்த வாசிப்பு, கணிப்புக்கு மட்டும் அதிகம் உதவாது. 2024 செப்டம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆன்ஃபீல்டுக்குப் போனபோது அங்கே அவர்கள் 1969க்குப் பிறகு வென்றதில்லை. கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் 1999 முதல் 2022 வரை ஃபாரஸ்ட் பிரீமியர் லீக்கிலேயே இல்லை. அந்தப் புள்ளிவிவரத்தில் பாதி வெற்றிடம். ஹட்சன்-ஒடோய் அடித்த கோலில் 1-0 என்று வென்றார்கள், அதுவும் அந்த சீசனில் சாம்பியனான அணியை. வீரர்களும் பயிற்சியாளரும் மாறிப்போன பிறகு பழைய மோதல்களின் கணக்கு அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

சொந்த மைதானத்தின் பலம் உண்மையானது. பல ஆண்டுகளாக ஏறக்குறைய 45 சதவீத ஆட்டங்களைச் சொந்த மைதான அணியும், 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வெளி அணியும் வென்று வந்தன. கொரோனாவால் பெரும்பாலும் காலி மைதானங்களில் நடந்த 2020-21 சீசனில் வெளி அணிகள் 153 ஆட்டங்களையும் சொந்த மைதான அணிகள் 144 ஆட்டங்களையும் வென்றன. கூட்டத்தின் சத்தத்துக்கு விலை உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் அந்த விலை பலவீனமான அணியை வலுவான அணியாக்கும் அளவுக்குப் பெரியதல்ல. சமபலம் உள்ள அணிகளிடையே தராசைக் கொஞ்சம் சாய்க்கும். ஆன்ஃபீல்ட் என்றவுடன் வெளி அணியின் வாய்ப்பைப் பூஜ்யமாக்கிவிடுவது அதிகப்படி.

புதுப் பயிற்சியாளர் வந்ததும் அணி எழுந்து நிற்கும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் தற்காலிகமாக வந்த சோல்ஷியர் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். மார்ச்சில் அவரையே நிரந்தரமாக்கினார்கள். அந்த சீசனின் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. ஏற்கெனவே வெளியேறிவிட்ட ஹடர்ஸ்ஃபீல்டுடன் டிரா, ஏற்கெனவே வெளியேறிவிட்ட கார்டிஃபிடம் சொந்த மைதானத்தில் 2-0 என்று தோல்வி. பயிற்சியாளரை நீக்குவதே அணி மிகவும் கீழே கிடக்கும் நேரத்தில்தான். அங்கிருந்து கொஞ்சமாவது மேலே வருவது இயல்பு. அந்த ஏற்றம் முழுவதையும் புதியவர் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

யார் ஆடுகிறார்கள் என்று பார்க்காமல் கணிப்பை அனுப்புவது சோம்பேறித்தனம். பயிற்சியாளர்கள் ஆட்டத்துக்கு ஓரிரு நாள் முன்பு நிருபர்களிடம் காயம் பற்றிப் பேசுவார்கள். இறுதி அணிப் பட்டியல் ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கும் சற்று முன்பே வந்துவிடும். கோல் அடிப்பவர் இல்லை என்றால் எல்லோரும் கவனிப்பார்கள், நடுக்களத்தில் நங்கூரமாக நிற்பவர் இல்லை என்றால் கவனிக்க மாட்டார்கள். 2024 செப்டம்பரில் ஆர்சனலுடன் ஆடும்போது மான்செஸ்டர் சிட்டியின் நடுக்கள வீரர் ரோட்ரிக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. நவம்பருக்குள் சிட்டி லீக்கில் தொடர்ச்சியாகத் தோற்கத் தொடங்கியது. அதில் ஒன்று டாட்டன்ஹாமிடம் சொந்த மைதானத்தில் 4-0. அந்த டாட்டன்ஹாம் அதற்கு முந்தைய லீக் ஆட்டத்தில் இப்ஸ்விச்சிடம் தோற்றிருந்தது.

அணிக்கு அந்த ஆட்டம் எவ்வளவு முக்கியம் என்பதும் இதோடு சேர்ந்தது. அதே 2024-25 சீசனின் முடிவில் டாட்டன்ஹாம் லீக்கில் 22 ஆட்டம் தோற்று 17ஆவது இடத்தில் நின்றது. கீழே இருந்த மூன்று அணிகளும் வெகு தூரத்தில் பின்தங்கியதால் வெளியேறும் பயம் இல்லை. கவனம் முழுக்க ஐரோப்பிய அளவில் நடக்கும் யூரோப்பா லீக் போட்டியில். அதைக் கோப்பையோடு முடித்தார்கள். வியாழக்கிழமை அரையிறுதி இருக்கும் அணி ஞாயிற்றுக்கிழமை யாரை இறக்கும் என்று யோசிக்காமல் பெயரை மட்டும் பார்த்துக் கணித்தவர்கள் அந்த வசந்தம் முழுக்கத் தவறினார்கள்.

பந்தய நிறுவனங்கள் போடும் சந்தை விகிதங்களைப் புறக்கணிப்பதும் ஒரு தவறு. பணம் கட்டச் சொல்லவில்லை, அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விகிதத்தைத் தகவலாகப் படிக்கத் தெரிய வேண்டும். ஓர் ஆட்டத்தில் சொந்த மைதான அணியின் வெற்றி, டிரா, எதிரணியின் வெற்றி என்ற வரிசையில் 1.80, 3.75, 4.50 என்று போட்டிருந்தால், ஒன்றை ஒவ்வோர் எண்ணாலும் வகுத்தால் 55.6, 26.7, 22.2 சதவீதம். கூட்டினால் 104.4 வரும். அந்த மிகை நிறுவனத்தின் லாபம், அதனால்தான் கட்டுபவர்கள் நீண்ட காலத்தில் இழக்கிறார்கள். மிகையைக் கழித்தால் சுமார் 53, 26, 21. சொந்த மைதான அணிக்கு உங்கள் கணிப்பு 75 என்று சொன்னால், ஆயிரக்கணக்கானோர் பார்க்காத எதை நீங்கள் பார்த்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள். பெரும்பாலும் அது உங்களுக்குப் பிடித்த அணியாக இருக்கும்.

கடைசியாக, கணிப்பை எழுதி வைக்காமல் விடுவது. எழுதாவிட்டால் சரியானவை மட்டும் நினைவில் நிற்கும். சதவீதமாக எழுதி, நடந்த முடிவுக்கு 1, நடக்காதவற்றுக்கு 0 என்று வைத்து, மூன்று முடிவுகளுக்கும் உங்கள் எண் (60 சதவீதம் என்றால் 0.60) எவ்வளவு விலகியது என்ற பிழையை வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். இதற்குப் பிரையர் மதிப்பெண் என்று பெயர், குறைந்தால் நல்லது. இரண்டு பேர் பத்து ஆட்டங்களில் ஒரே அணிகளைத் தேர்ந்தெடுத்து ஆறில் சரி, நான்கில் தவறு என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் 90-5-5 என்று எழுதியவருக்கு 6.95 வரும். 60-20-20 என்று எழுதியவருக்கு 5.60. தேர்வு ஒன்றுதான், இரண்டாமவரின் மதிப்பீடு உண்மைக்கு அருகில் இருந்தது. பத்து ஆட்டத்தை வைத்து உங்களை எடைபோட வேண்டாம். ஆகஸ்டில் தொடங்கினால் கிறிஸ்துமஸ் வாக்கில் ஏறத்தாழ 170 ஆட்டங்கள் சேர்ந்துவிடும். 70 சதவீதம் என்று நீங்கள் எழுதிய ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றில் பத்துக்கு ஏழு உண்மையிலேயே நடந்ததா என்று அப்போது பாருங்கள்.