40எக்ஸில் மட்டும் படம் மங்கினால்

சிங்காநல்லூர் குளத்துத் தண்ணீர் மைக்ராஸ்கோப்பின் 10எக்ஸ் லென்ஸில் பளிச்சென்று தெரியும், 40எக்ஸுக்குத் திருப்பினால் பால் கலந்தது போல மங்கல். என் பழைய மைக்ராஸ்கோப்பில் இருந்த இந்தக் கோளாறுக்குக் காரணம் லென்ஸ் மேலேயே பொறித்திருந்தது: 160/0. அதாவது குழாய் நீளம் 160 மி.மீ., கவர் கிளாஸ் (துளியை மூடும் மெல்லிய கண்ணாடி) தடிமன் 0. கோவை பவுண்டரி லேப்களில் உலோகம் பார்க்கிற வகை அது. கவர் கிளாஸ் இல்லாமல் பார்க்கவே செய்தது. என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு அகலமாக ஒளியை வாங்குகிறது என்ற அளவு) 0.25 உள்ள 10எக்ஸ் கவர் கிளாஸைப் பொறுத்துக்கொள்ளும், 0.65 உள்ள 40எக்ஸ் பொறுக்காது.

0.17 மி.மீ. கவர் கிளாஸுக்கென்று செய்த 160/0.17 பிளான் அக்ரோமேட் (ஓரம் வரை தெளிவாகக் காட்டும் லென்ஸ் வகை) மாட்டியதும் சரியாகிவிட்டது. வாங்கும்போது மரை ஆர்.எம்.எஸ்.தானா (மைக்ராஸ்கோப் லென்ஸ்களின் பொது மரை அளவு, 20.32 மி.மீ.) என்று பாருங்கள். பார்ஃபோகல் நீளமும் (லென்ஸ் மாட்டும் இடத்திலிருந்து பார்க்கும் பொருள் வரை உள்ள தூரம்) மற்ற லென்ஸ்களோடு ஒத்து 45 மி.மீ. இருக்கட்டும், இல்லையென்றால் திருப்பும்போதெல்லாம் ஃபோகஸ் தேட வேண்டும். முடிவிலிக் குறி (∞) போட்ட லென்ஸ் வேறு வகை மைக்ராஸ்கோப்புக்கானது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் 160 குழாய்க்கு வேண்டவே வேண்டாம்.

கவர் கிளாஸில் 1.5 நம்பர்தான் 0.17 மி.மீ.க்குப் பக்கம். துளி பெரிதானால் தண்ணீரின் தடிமனும் சேர்ந்து மறுபடி மங்கும். ஓரத்தில் ஃபில்டர் பேப்பரை வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். பரமீசியம் என்ற ஒரு செல் உயிரியின் ஓட்டம் அடங்கி, உள்ளே சுருங்கி விரியும் குமிழ் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

புது லென்ஸ் வாங்கும் முன், ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்து பழைய லென்ஸின் முனையைப் பாருங்கள். இம்மர்ஷன் ஆயில் (100எக்ஸ் லென்ஸுக்கு இடும் எண்ணெய்) அதில் பட்டுக் காய்ந்திருந்தாலும் இதே மங்கல்தான் வரும்.