அமேசான் வெப் சர்வீசஸில் டேக் இட்டு வளங்களை வடிகட்டும் முறை

அமேசானின் கிளவுட் சேவையான அமேசான் வெப் சர்வீசஸ் கணக்கில் சர்வர்களும் சேமிப்பகங்களும் பெருகுவதற்கு முன்பே, திட்டம், சூழல், பொறுப்பாளர் எனத் தேவையான நான்கைந்து டேக் (பெயரும் மதிப்பும் கொண்ட அடையாளச்சீட்டு) பெயர்களை முடிவுசெய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வளத்துக்கு, அதாவது ஒரு சர்வருக்கோ சேமிப்பகத்துக்கோ, 50 டேக்குகள் வரை இடலாம் என்றாலும், அத்தனையையும் பராமரிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படுவதால், ஒரே சொல்லை இருவர் இருவிதமாக எழுதினால், வடிகட்டும்போது சில வளங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

பின்னர் டேக் எடிட்டர் என்ற கருவியைத் திறந்து, ரீஜனையும் (வளம் இருக்கும் புவிப்பகுதி) வளத்தின் வகையையும் தேர்ந்தெடுத்து, டேக்கின் பெயரையும் மதிப்பையும் கொடுத்துத் தேடினால், பொருந்துபவை பட்டியலாக வரும். அவற்றின் டேக்குகளை அங்கேயே மொத்தமாகத் திருத்தலாம். செலவைத் திட்டவாரியாகப் பார்க்க, பில்லிங் பகுதியில் அந்த டேக்கைத் தனியே செயல்படுத்த வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். கடவுச்சொல் போன்ற ரகசியங்களை டேக்கில் எழுதவே கூடாது.