கிம்பர்லைட் கிடைத்தால் வைரம் கிடைத்ததாகாது

போன ஞாயிறு சிங்கப்பூரின் புக்கிட் தீமா பழைய கல்லுடைப்புக் குழி ஓரம் நின்றபோது அக்கா மகன் கேட்டான்: "மாமா, இங்கேயும் தோண்டினா வைரம் கிடைக்குமா?" புவியியல் படிக்கிறவன். அதனால் கேள்வியை அப்படியே விட மனமில்லை. வைரம் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

நிலத்தின் வயதைப் பார்க்காமல் தேடுவதுதான் முதல் தவறு. வைரம் உருவாவது சுமார் 150 கிலோமீட்டருக்கும் கீழே. அதற்குக் கண்டத்தின் அடிப்பகுதி தடித்து, ஓரளவு குளிர்ந்திருக்க வேண்டும். 250 கோடி ஆண்டுக்கு முந்தைய கிரேட்டன்களில்தான் (கண்டங்களின் மிகப் பழைய, அசையாத உட்பகுதிகளில்தான்) பெரும்பாலும் அப்படி அமையும். புக்கிட் தீமா கிரானைட்டுக்கு 30 கோடி ஆண்டுகூட ஆகவில்லை. ஆனால் இதையே கல்லில் எழுதிய விதியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1979-ல் கண்டறியப்பட்ட ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் வைரப் படிவம், கிரேட்டனுக்கு வெளியே, ஓரத்தில் இருக்கிறது. அதன் பாறையும், வழக்கமாக வைரத்தை ஆழத்திலிருந்து மேலே கொண்டுவரும் எரிமலைப் பாறையான கிம்பர்லைட் அல்ல, லாம்ப்ரோயிட் என்ற வேறு வகை எரிமலைப் பாறை.

அடுத்தது, மணலில் வைரத்தையே தேடுவது. தேட வேண்டியது அதோடு மேலே வந்த துணைக் கனிமங்களை: சிவந்த பைரோப் கார்னெட், குரோமைட், இல்மனைட். சைபீரியாவில் புவியியலாளர் லரிசா போபுகாயேவா 1954-ல் பைரோப் தடத்தைப் பின்தொடர்ந்துதான் சர்னித்சா குழாயை, அதாவது குழாய் வடிவில் நிலத்துக்குள் இறங்கும் கிம்பர்லைட் திரளை, கண்டார். எல்லாப் பைரோப்பும் நல்ல சகுனம் அல்ல. குரோமியம் கூடி, கால்சியம் குறைந்த வகைக்கே மதிப்பு. அதைக் கண்ணால் சொல்ல முடியாது, வேதிப் பகுப்பாய்வு வேண்டும்.

இந்தக் கனிமங்களின் சிறு மணி கிடைத்த இடத்திலேயே துளை போடுவதும் வீண்செலவு. கனடாவில் பனிப்பாறைகள் இந்த மணிகளை வெகுதூரம் இழுத்துப் போய்விட்டன. புவியியலாளர்கள் சக் ஃபிப்கியும் ஸ்டூவர்ட் புளூசனும் பனி நகர்ந்த திசைக்கு எதிராகப் பல ஆண்டுகள் நடந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி லாக் டி கிராஸ் பகுதியில் 1991-ல் மூலத்தைப் பிடித்தார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

நமக்குப் பக்கத்தில் போர்னியோவிலும் ஒரு பாடம் உண்டு. மார்த்தபுரா ஆற்று மணலில் மக்கள் பல காலமாக வைரம் சலிக்கிறார்கள். அங்குள்ள பமாலி பிரெச்சியாவை (உடைந்த கற்கள் ஒட்டிய பாறையை) ஒரு காலத்தில் கிம்பர்லைட் என்றே நம்பினார்கள். அப்புறம்தான் அது வண்டல் பாறை என்று தெரிந்தது. உடைசல் கற்கள் ஒட்டிய தோற்றத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது.

மாதிரியில் வைரம் மின்னினால்கூட உடனே துள்ளாதீர்கள். துளைக் கருவியின் முனையிலேயே செயற்கை வைரம் பதித்திருப்பார்கள், அது உதிர்ந்து கலந்துவிடும். சந்தேகப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, காரட் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது. லெசோத்தோவின் லெட்செங்கில் 100 டன் பாறைக்குச் சுமார் 2 காரட்தான், அதாவது அரை கிராம்கூட இல்லை. ஆனாலும் கற்கள் பெரியவை, தரமானவை என்பதால் சுரங்கம் நடக்கிறது. ஆர்கைலில் டன்னுக்கே பல காரட் வந்தது, பெரும்பாலானவை சிறிய பழுப்புக் கற்கள். அதனால் ஒரு சிறு துளை மாதிரியை வைத்துக் குழாயின் மதிப்பைச் சொல்லாதே, பல டன் பாறையைப் பெருமாதிரியாக எடுத்துக் கற்களை விலை பார்த்த பிறகு பேசு என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டான்.