மேல் இறக்கையை அவசரப்பட்டு ஒட்டாதீர்கள்: பைப்ளேன் மாடலுக்குக் கையால் கேமஃப்ளாஜ்

என் முதல் பைப்ளேன் (ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை உள்ள விமானம்) மாடலைப் பெட்டியைப் பிரித்த ஆர்வத்தில் முழுசாக ஒட்டிவிட்டேன். இரண்டு இறக்கை, நடுவில் தாங்கும் ஸ்ட்ரட் எல்லாம் நின்று விமானம் மாதிரி ஆன பிறகுதான் பெயிண்டைத் திறந்தேன். கீழ் இறக்கையின் மேல்பக்கத்துக்குப் பிரஷ் போகவே இல்லை. சாய்த்துவிட்டால் பச்சை ஸ்ட்ரட்டில் ஒட்டுகிறது, துடைக்கப் போனால் ஸ்ட்ரட்டே கையோடு வருகிறது. அது இன்னும் அலமாரியில் சுவரைப் பார்த்து நிற்கிறது.

ஆகவே முதல் வேலை, மேல் இறக்கையைத் தனியாக வைத்துவிடுவது. உடல், கீழ் இறக்கை, வால் வரைக்கும் ஒட்டிக்கொள்ளலாம். மேல் இறக்கையும் ஸ்ட்ரட்டும் பெயிண்ட், டீக்கால் (விமானத்தின் சின்னங்கள் உள்ள மெல்லிய ஒட்டுப்படம்) எல்லாம் முடிந்த பிறகுதான்.

நான் இங்கே சொல்வது 1/72 அளவு, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, கிளாஸ்டர் கிளாடியேட்டரை வைத்து. பிரிட்டிஷ் விமானப்படையின் கடைசி பைப்ளேன் சண்டை விமானம், 1937-ல் படைக்கு வந்தது. நிஜத்தில் இறக்கை 9.83 மீட்டர், நம் மேஜையில் பதினாலு சென்டிமீட்டர்கூட வராது.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி, கேமஃப்ளாஜ், அதாவது எதிரி கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் வண்ணப்பூச்சு, இரண்டு நிறம் இல்லை, நாலு. மேல் இறக்கைக்கு டார்க் எர்த், டார்க் கிரீன். கீழ் இறக்கையின் மேல்பக்கத்துக்கு அதே வடிவத்தில் லைட் எர்த், லைட் கிரீன். மேல் இறக்கையின் நிழல் கீழ் இறக்கையில் விழும் அல்லவா, நம் ஊர்த் திண்ணையில் கூரை நிழல் விழுகிற மாதிரி, அந்த இருட்டை ஈடுகட்டத்தான் கீழே வெளிறிய நிறம். மேலே பறக்கிற எதிரிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் இங்கிலாந்து வயல்களுக்குத்தான். 1940 ஏப்ரலில் இதே விமானங்கள் நார்வேயில் உறைந்த ஏரி மேல் போய் இறங்கியபோது, வெள்ளைப் பனியில் பச்சையும் பழுப்பும் எதை மறைக்கும்? பல விமானங்கள் அங்கேயே குண்டுவீச்சில் போயின.

சரி, வேலைக்கு வருவோம். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவிடுங்கள், அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசும் எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. பெயிண்ட் பிடிக்க அடியில் பூசும் சாம்பல் பிரைமர் ஸ்ப்ரேயை மொட்டை மாடியில், வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே அடித்துவிடுங்கள். மதுரை ஏப்ரல், மே வெயிலில் பத்து மணிக்கு மேல் அடித்தால் துளிகள் பாதி வழியிலேயே காய்ந்து, மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடும்.

வெளிநாட்டு மாடல் பெயிண்ட் வாங்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் மாசி வீதிப் பக்கம் ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும் ஆர்டிஸ்ட் அக்ரிலிக் டியூபிலேயே கலக்கலாம். துணிக்கு அடிக்கும் பெயிண்ட் மட்டும் வேண்டாம், காய்ந்தாலும் ரப்பர் மாதிரி இருக்கும், தேய்க்க வராது. பழுப்புக்கு பர்ன்ட் அம்பர், எல்லோ ஓக்கர், கொஞ்சம் வெள்ளை. பச்சைக்கு சாப் கிரீனில் அம்பரும் துளி கறுப்பும். லைட் கிரீனுக்கு வெறும் வெள்ளையைக் கொட்டினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும், ஓக்கரும் மஞ்சளும் சேருங்கள். டார்க் நிறங்களையும் ஒரு சொட்டு வெள்ளையில் இளக்கிக்கொள்ளுங்கள், சின்ன மாடலில் நிஜ நிறம் கனமாக, கறுத்துத் தெரியும். மொத்தமாகக் கலந்து காலி ஹோமியோபதி குப்பிகளில் ஊற்றி வைத்துவிடுங்கள், பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது.

பதம் முக்கியம். ஜிகர்தண்டா மாதிரி இருக்கக் கூடாது, மோர் மாதிரி இருக்க வேண்டும். தட்டில் ஊற்றினால் ஃபேன் காற்றில் ஐந்து நிமிடத்தில் ஏடு கட்டும். டிபன் பாக்ஸ் மூடியில் ஈர டிஷ்யூ விரித்து, அதன் மேல் கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் போட்டு அதில் கலந்தால் ஒரு மணி நேரம் தாங்கும். ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்வது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

விளாச்சேரியில் கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர்களைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுண்டுவிரலைப் பொம்மை மேலேயே ஊன்றிக்கொண்டு, பிரஷை ஒரே இழுப்பு, அப்புறம் அந்த இடத்தைத் திரும்பத் தொடுவதே இல்லை. நமக்கும் அதுதான் பாடம். முதல் பூச்சில் அடியில் இருக்கும் சாம்பல் திட்டுத்திட்டாகத் தெரியும், பயந்துபோய் மேலே மேலே தேய்க்காதீர்கள், பாதி காய்ந்த பெயிண்ட் உரிந்து வரும். அரை மணி நேரம் விட்டு, முதல் பூச்சு நீளவாக்கில் என்றால் அடுத்தது குறுக்குவாக்கில். மூன்று, நாலு பூச்சில் மூடிவிடும். பெரிய பரப்புக்குக் கால் அங்குலத் தட்டைப் பிரஷ். ஓரத்துக்கு 1-ஆம் நம்பர் உருண்டைப் பிரஷ் போதும், நுனி கூராக இருந்தால் சரி. மூன்று முடி வைத்த குட்டிப் பிரஷில் பெயிண்ட் மாடலைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும்.

முதலில் பழுப்பை முழுக்க அடித்துவிட்டு, மறுநாள் அதன் மேல் பச்சையின் எல்லையை வரையுங்கள். கரிப் பென்சில் வேண்டாம், பச்சையில் கரைந்து அழுக்காக்கும். பச்சை கலர் பென்சில் எடுங்கள். எல்லையின் உள்பக்கமாக முதலில் ஓரம் கட்டி, அப்புறம் நடுவை நிரப்புங்கள். கோடு கூர்மையாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம்: நிஜத்தில் ஒரு அங்குலம் மங்கலாக இருந்தாலும் இந்த அளவில் அது 0.35 மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. பச்சை வெளியே வழிந்தால், ஈரப் பல்குச்சியால் உடனே சுரண்டிவிடலாம்.

அடிப்பக்கத்து நிறம், மாடல் பெட்டியோடு வரும் தாளில் போட்டிருக்கும் காலத்தைப் பொறுத்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சமயத்து விமானம் என்றால் இட இறக்கை கறுப்பு, வலது வெள்ளை. டீக்கால் ஒட்டும் முன் வழவழப்பாகப் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் அவசியம், இல்லாவிட்டால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி பளபளக்கும். கடைசியில் பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ்.

இப்போது மேல் இறக்கை. ஸ்ட்ரட் உட்காரும் குழிகளில் பெயிண்டைக் கத்தி நுனியால் சுரண்டி பிளாஸ்டிக் தெரிய விடுங்கள், பெயிண்ட் மேல் மாடல் சிமென்ட் (பிளாஸ்டிக் ஒட்டும் பசை) பிடிக்காது. விமானத்தைக் கவிழ்த்து வைத்து, இரண்டு தீப்பெட்டியை முட்டுக்கொடுத்து ஒட்டிவிட்டு, அன்று ராத்திரி முழுக்கத் தொடாதீர்கள்.