ஒரு ப்ரோகிராமிங் லாங்குவேஜ்ல இருந்து பழைய ஃபீச்சர தூக்கணுமா, இப்படி பண்ணுங்க

மொதல்ல தூக்குறதுக்கு உருப்படியான காரணம் இருக்கான்னு பாருங்க. "பழசாயிடுச்சு, பாக்கவே அசிங்கமா இருக்கு"ங்கிறதெல்லாம் காரணமே இல்ல. சி லாங்குவேஜ்ல டைப் பண்ற வரிய வாங்குறதுக்கு இருந்த கெட்ஸ் (gets) ஃபங்ஷன் மாதிரி இருந்தா சரி, பஃபர், அதாவது வாங்குனத வைக்கிற மெமரி எடம், எவ்ளோ பெருசுன்னே அதுக்குத் தெரியாது, ரொம்பி வழிஞ்சாலும் எழுதிக்கிட்டே போகும், எப்படி யூஸ் பண்ணாலும் ஆபத்துதான், அதான் 2011 ஸ்டாண்டர்ட்ல தூக்குனாங்க.

மாத்து ரெடியா இல்லாம பழசுல கை வைக்காதீங்க. சி பிளஸ் பிளஸ்ல மெமரிய தானா விடுவிக்கிற ஆட்டோ பாயிண்டர்னு (auto_ptr) ஒண்ணு இருந்துச்சு, 2011-ல அதுக்கு பதிலா யுனிக் பாயிண்டர் (unique_ptr) வந்தப்பதான் அத டெப்ரிகேட் பண்ணாங்க, அதாவது இனிமே யூஸ் பண்ணாதீங்கன்னு குறிச்சாங்க, எடுத்தது 2017-ல.

இப்ப முக்கியமான விஷயம், நெறைய பேரு கோட்டை விடுறது இங்கதான். ஒரே ப்ரோகிராம் பழைய வெர்ஷன்லயும் ஓடணும், புதுசுலயும் ஓடணும். ஏன்னா லைப்ரரி எழுதுறவரால யூசர் எல்லாரையும் ஒரே ராத்திரில மாறச் சொல்ல முடியாது. பைத்தான் 2-ல பிரிண்ட் ஒரு ஸ்டேட்மென்ட், 3-ல ஃபங்ஷன், எழுதுற விதமே வேற. அதுக்கு இத சரியா பண்ணாங்க, 2.6-லயே ஃபியூச்சர் இம்போர்ட்னு (புது வெர்ஷன்ல வர்றத முன்னாடியே வாங்கிக்கிறது) ஒரு வரி போட்டா பிரிண்ட் ஃபங்ஷனா மாறிடும், அதே ஃபைல் 3-லயும் ஓடும். ஆனா ஸ்ட்ரிங்குக்கு (கோட்ல எழுதுற டெக்ஸ்ட்) முன்னாடி, இது எல்லா மொழி எழுத்தும் வர்ற யூனிகோட்னு சொல்லப் போடுற ஒத்த யூ (u) எழுத்த 2008-ல 3.0 வந்தப்ப எடுத்துட்டாங்க, இனிமே எல்லாமே யூனிகோடுதானே எதுக்கு இதுன்னு. நியாயம்தான், ஆனா 2-ல யூனிகோட் ஸ்ட்ரிங்குக்கு அது வேணும், 3-ல அதே எழுத்து சின்டாக்ஸ் எரர், அப்புறம் எப்படி ஒரே ஃபைல்ல எழுதுறது? கடைசில 2012-ல 3.3-ல திரும்ப உள்ள விட்டாங்க. இப்பவும் அது ஒரு வேலையும் செய்யாது, சும்மா நிக்குது, ஆனா அந்த சும்மா நிக்கிறதுதான் அப்போ பல பேருக்கு வழி விட்டுச்சு.

அப்புறம் வார்னிங். எந்த வெர்ஷன்ல போகும், பதிலுக்கு எத யூஸ் பண்ணனும், ரெண்டும் அந்த மெசேஜ்லயே இருக்கணும். வெறும் டெப்ரிகேட்டட்னு போட்டா ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க, ஜாவால ஓடிக்கிட்டு இருக்குற ஒரு வேலைய (த்ரெட்) பாதில நிறுத்துற த்ரெட் ஸ்டாப்ப 1998-லயே அப்படி குறிச்சாங்க, வருஷக்கணக்கா அப்படியே கெடந்துச்சு. அதனாலதான் ஜாவா 9-ல "இது நெஜமாவே போகப் போகுது"ன்னு சொல்ல ஃபார் ரிமூவல்னு தனியா ஒண்ணு கொண்டு வந்தாங்க.

டேட்ட சொன்னா மாத்தாம இருக்கப் பாருங்க. பைத்தான் 2-க்கு 2015-ல சப்போர்ட் முடியும்னு சொல்லி, அப்புறம் 2020-க்குத் தள்ளுனாங்க, இப்படி ஒரு தடவ தள்ளுனா அடுத்த தடவையும் தள்ளுவாங்கன்னுதானே நாம நெனப்போம். அதுக்கப்புறம் தேறிட்டாங்கன்னுதான் சொல்லணும், ஸ்டாண்டர்ட் லைப்ரரில 19 பழைய மாட்யூல 3.13-ல எடுத்துருவோம்னு முன்னாடியே சொன்னாங்க, 2024-ல அதே மாதிரி எடுத்துட்டாங்க.

சிலத எடுக்கவே முடியாது. வெப்சைட்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட்ல வித் (with) ஸ்டேட்மென்ட்ட எடுத்தா என்னைக்கோ எழுதிப் போட்ட சைட்டெல்லாம் ஒடஞ்சிடும், அதனால கறார் விதிகளோட ஓடுற ஸ்ட்ரிக்ட் மோட்ல மட்டும் தடை போட்டுட்டு மத்த எடத்துல அப்படியே விட்டுட்டாங்க. உங்க லாங்குவேஜ்லயும் இப்படி ஒண்ணு மாட்டுனா இதையே பண்ணுங்க, புதுசா எழுதுறவங்களுக்கு மட்டும் கதவ சாத்துங்க.