கோலாலம்பூர் நம்ம ஊர் மாதிரிதானே என்று வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனுக்கோ டொரொண்டோவுக்கோ குடிபோகிற குடும்பம் கொஞ்சம் பயத்தோடுதான் கிளம்பும். குளிர் எப்படி இருக்கும், பேச்சு புரியுமா, அரிசி கிடைக்குமா என்று ஆயிரம் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டு போவார்கள். கோலாலம்பூருக்கு வருகிறவர்கள் யாரும் அப்படிக் கேட்பதில்லை. சென்னையில் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் இறங்கிவிடலாம், பிரிக்ஃபீல்ட்ஸ் போனால் மல்லிகைப்பூ, வாழையிலைச் சாப்பாடு, கடைக்குக் கடை தமிழ்ப்பாட்டு, வேர்வைகூட நம் ஊர் வேர்வைதான். அதனால் "நம்ம ஊர் மாதிரிதானே" என்ற நினைப்போடு வந்து இறங்குகிறார்கள். இங்கே நம்மவர் வீடுகளில் நடக்கிற கூத்துகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு நினைப்பில் முளைத்தவை. சிலவற்றைச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். சிலது அடுத்தவர் மனதைக் குத்தும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டி கட்டும்போதே ஆரம்பித்துவிடுகிறது. துவரம்பருப்பு, இட்லி அரிசி, புளி, பெருங்காயம் என்று வருஷத்து மளிகையை அட்டைப்பெட்டியில் அடைத்து, எடை கூடிப்போய், விமான நிலையத்தில் எல்லார் முன்னாலும் பெட்டியைப் பிரித்து மாமியார் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமும் கைப்பைகளில் பருப்பைத் திணிக்க வேண்டியதில்லை. எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைக்கிறது, மஸ்ஜித் இந்தியா சாலையில் கிடைக்கிறது, கிள்ளான் பக்கம் வீடென்றால் தெங்கு கிளானா சாலையில் கிடைக்கிறது. கொண்டுவந்தாலும் நிற்காது. வருஷம் முழுக்கக் காற்றில் ஈரம் இருப்பதால் பருப்பில் வண்டு விழும், அப்பளம் நமுத்துவிடும், பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்கும். பட்டுப்புடவையை அடிக்கடி வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள், ஈரத்தை உறிஞ்சுகிற டப்பா கடைகளில் விற்கிறார்கள், அதையும் ஒன்று உள்ளே வையுங்கள். கறிவேப்பிலைக் கன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவது இன்னும் மோசம், செடியும் விதையும் மண்ணும் அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது. தேவையும் இல்லை. இங்கே தமிழர்களின் தரைவீடுகளில் வாசலோரமாகக் கறிவேப்பிலை மரம் நிற்பது சாதாரணம், கேட்டால் கிளையோடு ஒடித்துத் தருவார்கள்.

மிக்ஸியைக் கொண்டு வரலாம், மின்சாரம் ஒத்துப்போகும். சுவரில் இருப்பது மட்டும் மூன்று தட்டைக் கால் உள்ள பிரிட்டிஷ் வகைச் சாக்கெட் என்பதால் நம் ஊர் பிளக் நுழையாது. பிள்ளைகள் பேனா மூடியை விட்டு நெம்பி நுழைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி பிளக்கையே மாற்றிவிடுங்கள். காபிப் பிரியர்கள் ஃபில்டரையும் தூளையும் எடுத்து வந்துவிடுவது நல்லது. இங்கத்திய கோப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுக்கிறார்கள், அதன் ருசியே வேறு. பழகினால் பிடிக்கும், ஆனால் விடிந்ததும் கும்பகோணம் டிகாக்‌ஷன் கேட்கிற அப்பாவுக்குப் பழகப் பல மாதம் ஆகும்.

அடுத்தது காலண்டர். இதை யாருமே யோசிப்பதில்லை. ஊரிலிருந்து தினசரிக் காலண்டரைப் பத்திரமாகச் சுருட்டிக் கொண்டுவந்து, பூஜை அறையில் மாட்டி, அதைப் பார்த்தே ராகுகாலம் பார்த்துப் பால் காய்ச்சுகிறார்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரியிலிருந்து தீபகற்பத்திலும் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளிக் கிழக்கு மலேசியாவோடு ஒன்றாக்கிவிட்டதால் கோலாலம்பூரில் சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதைத் தாண்டியோதான் உதிக்கும். ராகுகாலமோ சூரிய உதயத்திலிருந்து பகலை எட்டாகப் பிரித்துச் சொல்வது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்பது ஆறு மணிக்கு விடிகிற கணக்கு. இங்கே ஏழேகாலுக்கு விடிகிற நாளில் அது எட்டேமுக்கால் முதல் பத்தேகால் வரை. அதாவது ராகுகாலம் முடிந்ததென்று நிம்மதியாக ஒன்பது மணிக்குப் பால் காய்ச்சுகிற வீட்டில் அப்போதுதான் ராகுகாலம் ஆரம்பித்துக் கால்மணி ஆகியிருக்கும். நம்புகிறவர்கள் சரியாக நம்ப வேண்டாமா? மலேசிய நேரத்துக்குக் கணித்த தமிழ்க் காலண்டர் இங்கேயே விற்கிறது. அமாவாசை, ஏகாதசிகூடச் சில மாதம் இங்கே ஒரு நாள் தள்ளி வரும், அதற்கும் அதையே பாருங்கள். இதே இரண்டரை மணியைத் திருநெல்வேலியில் இருக்கும் தாத்தாவுக்கும் விளக்கிவிடுங்கள். அவர் ராத்திரி ஒன்பதரைக்குச் சாவகாசமாக வீடியோ காலில் வரும்போது இங்கே நள்ளிரவு, பேரன் தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்து வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பச் சரிந்துவிடுவான்.

கொண்டோ என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். மாமியார் வந்த இரண்டாம் வாரமே கூழ் காய்ச்சி, பதினேழாவது மாடி பால்கனியில் வேட்டி விரித்து வடகம் பிழிந்த வீடு எனக்குத் தெரியும். காலை வெயில் பிரமாதமாக அடித்தது. மத்தியானத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. கோலாலம்பூரில் இடியோடு வரும் மழைக்குப் பிற்பகலும் மாலையும்தான் பிடித்த நேரம். வேட்டி பறந்து கீழ்வீட்டு பால்கனிக் கம்பியில் தொங்க, அந்த வீட்டு மலாய் அம்மா அதைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே நிர்வாக அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்தது. பல கொண்டோக்களில் பால்கனிக் கம்பியில் துணி தொங்குவதற்கே தடை, விதிப்புத்தகத்தை வீட்டுச்சாவியோடு சேர்த்துக் கேட்டு வாங்கி அன்றே படித்துவிடுங்கள். வடகத்தைக் காலை வெயிலில் ஜன்னலுக்கு உள்பக்கம் வைத்து, மிச்சத்தை மின்விசிறிக்கு அடியில் காயவிடலாம். காடு ஒட்டிய கொண்டோ என்றால் குரங்கு வரும், அதற்கு வடகம், வாழைப்பழம் என்ற பேதமே கிடையாது.

சாம்பிராணி போடுகிறவர்கள் வீட்டுக்கூரையில் புகையைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலறல் கேட்டு நேபாளிக் காவலாளி தீயணைப்பானோடு ஓடிவந்து, அம்மா நீட்டிய சர்க்கரைப் பொங்கலோடு திரும்பிப் போன கதையும் உண்டு. நீச்சல் குளத்தில் லுங்கி, பனியன், பருத்தி டிரவுசர் எதற்கும் அனுமதி கிடையாது, நீச்சலுக்கென்றே தைத்த உடைதான் வேண்டும். ஊரிலிருந்து வருகிற சித்தப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஈரத்தோடு குளத்துப் படியில் நின்று வாதாடும் சங்கடம் மிச்சமாகும்.

சாப்பாட்டுக்கு வருவோம். மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடையில், "ஒரு டீ" என்றால் இனிப்பான டின் பாலில் ஆற்றியதுதான் வரும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போகும்போது இது விளையாட்டில்லை. பால் வேண்டாமென்றால் "தே ஓ", அதிலும் சர்க்கரை இருக்கும். இரண்டும் வேண்டாமென்றால் "தே ஓ கோசோங்" என்று கேட்க வேண்டும். பாலோடு சர்க்கரை இல்லாமல் வேண்டுமென்றால் "தே சி கோசோங்". பரிமாறுகிற தம்பி ராமநாதபுரமோ கடையநல்லூரோ என்றால் தமிழிலேயே விளக்கமாகக் கேட்டுவிடலாம்.

சைவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கீரைதானே என்று நம்பிக் கங்கோங் பொரியலை வாங்கினால் அதில் பெலாச்சான் இருக்கும், அது இறாலை அரைத்து நொதிக்க வைத்தது. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பலில் நெத்திலி இருக்கும். ஆனால் முழுச் சைவக் கடைக்குள் போனால் இதற்கு நேர்மாறான கலவரம். பலகையில் மட்டன் வறுவல், மீன் குழம்பு என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பாட்டி வாசலிலேயே நின்றுவிடுவார். அதெல்லாம் சோயாவிலும் காளானிலும் செய்தது, சீனச் சைவர்களின் கைவண்ணம், நம் கடைகளும் எடுத்துக்கொண்டன. பாட்டியை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லுங்கள். கட்டாயப்படுத்தாதீர்கள், நார் நாராகப் பிரிகிற அந்தப் பக்குவத்தைப் பார்த்தால் அவருக்கு நம்பிக்கை வராது. தயிர்சாதம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. இங்கே இருக்கிற தமிழர்களிடம் நாம் பேசுகிற பேச்சு.

ஊரிலிருந்து வந்த பெரியம்மா பூக்கடை அக்காவிடம் அன்பாகத்தான் கேட்பார், "நீங்க எந்த ஊரும்மா?" "கிள்ளான்." "அது சரி, இந்தியாவுல?" "தெரியாதும்மா, எங்க தாத்தாவே இங்கதான் பொறந்தாரு." பெரியம்மா விடமாட்டார். அப்போ தாத்தாவோட அப்பா, குலதெய்வம் எங்கே என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த அக்கா சிரித்துக்கொண்டே பூவைக் கட்டிக் கொடுப்பார், ஆனால் இந்தக் கேள்விக்கு எத்தனை பேரிடம் பதில் சொல்லியிருப்பார் என்று யோசியுங்கள். இவர்களுடைய முன்னோர்கள் ரப்பர் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் வந்து உழைத்துப் பல தலைமுறை ஆகிவிட்டது. இது இவர்கள் நாடு. விருந்தாளி நாம்தான்.

அதைவிட மோசம், "பரவாயில்லையே, தமிழ் நல்லா பேசுறீங்களே" என்று பாராட்டுவது. பினாங்கில் 1816இலேயே தமிழ் வகுப்பு தொடங்கியாகிவிட்டது. இன்றைக்கு நாடு முழுக்க 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கணிதம், அறிவியல் எல்லாம் தமிழில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இவர்கள். நாம் நம் பிள்ளைகளை ஊரில் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்து, தமிழை இரண்டாம் மொழியாகவும் எடுக்கவிடாமல் பிரெஞ்சு எடுக்க வைத்துவிட்டு வந்து, இவர்களுக்குத் தமிழில் மதிப்பெண் போடுவது நியாயமே இல்லை. அவர்கள் பேச்சில் மலாயும் வரும், வாக்கியக் கடைசியில் 'லா'வும் வரும். நம் பேச்சில் ஆங்கிலம் வருகிறதே. உங்கள் பையன் அதைக் கேலியாகப் பேசிக் காட்டினால் வீட்டோடு நிறுத்திவிடுங்கள், பள்ளிப் பேருந்தில் பேசிக்காட்ட விடாதீர்கள். விளையாட்டாக அவன் ஆரம்பித்தது ஒரு சிநேகிதனை இழப்பதில் முடியும்.

லிஃப்டில் தமிழில் ரகசியம் பேசுவதையும் விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கணவனும் மனைவியும் யாருடைய அம்மா அதிக நாள் தங்குவது என்று லிஃப்டுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள், பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர் மட்டும் நின்றதால் தைரியமாக. எட்டாவது மாடியில் அவர் இறங்கும்போது திரும்பி, "ரெண்டு அம்மாவும் இருக்கட்டும்மா, வீடு பெருசுதானே" என்றாராம். தோட்டப்புறத்தில் வளர்ந்த சீனர்கள் சிலர் அருமையாகத் தமிழ் பேசுவார்கள். அந்தப் பெரியவரும் இந்தக் குடும்பமும் இப்போது தீபாவளிப் பலகாரம் பரிமாறிக்கொள்கிற அளவுக்குச் சிநேகம்.

பலகாரம் என்றதும் திறந்த இல்ல உபசரிப்பைச் சொல்ல வேண்டும். முஸ்லிம்களின் ஹரி ராயா பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி எதுவானாலும் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துத் தெரிந்தவர்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிடுவது இந்த நாட்டு வழக்கம். இதில் நம்மவர் செய்கிற தவறு, போகாமல் இருப்பது. "வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டா அழைப்பா, வீட்டுக்கு வந்து முறையாகக் கூப்பிட வேண்டாமா" என்று பெரியப்பா முறுக்கிக்கொள்வார். இங்கே அந்த ஒரு வரிதான் முறையான அழைப்பு, அதை மனதார அனுப்புகிறார்கள். குடும்பத்தோடு போங்கள், சொன்ன நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், எதையாவது ஒரு வாய் சாப்பிடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் எந்தச் சட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மலாய்க்காரர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும்போது முறுக்கும் அதிரசமும் அனுப்புங்கள், அசைவம் வேண்டாம். கடையில் வாங்குவதானால் ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். முறுக்கைப் பார்த்து அவர்கள் படுகிற சந்தோஷத்துக்கு நீங்கள் இன்னொரு ஈடு பிழிந்தே ஆக வேண்டியிருக்கும்.

கடைசியாக, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து போவது. இங்கே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், 2024 முதல் இந்த நடைமுறை, நீங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். காரில் பின்னால் உட்கார்ந்தாலும் சீட் பெல்ட் கட்டாயம், 2009இலிருந்தே சட்டம். புடவை கசங்குகிறது என்று அம்மா சொன்னாலும் கட்டிவிடுங்கள். திருப்பி அனுப்பும் நாளில் டெர்மினல் 1ஆ 2ஆ என்று டிக்கெட்டில் பார்க்காமல் கிளம்புகிறவர்கள் ஏராளம். ஏர் ஏசியா என்றால் 2, மலேசியா ஏர்லைன்ஸ் என்றால் 1. மாறிப் போய் இறங்கி, ஆறு பெட்டியும் இரண்டு பெரியவர்களும் தூக்கக் கலக்கத்தில் ஒரு குழந்தையுமாக நின்றுவிட்டால் பதற்றப்பட்டு டாக்ஸி தேடாதீர்கள், கீழே ரயில் இருக்கிறது, இரண்டு டெர்மினலுக்கும் நடுவே மூன்று நிமிடப் பயணம்தான்.